திரையில் ஆர்டர் கொடுக்கும் உணவகங்கள்: டர்பனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கங்களிலும் நம்மவர்கள் நடத்தும் உணவகங்களுக்கு ஆர்டர் திரைகள் அமைத்துக் கொடுப்பது என் வேலை. கடைக்காரர்கள், வேலை செய்பவர்கள், சாப்பிட வருபவர்கள் என்று எல்லோரும் கேட்பவை பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். தமிழில் படிப்பவர்களுக்கு ஓரிடத்தில் கிடைக்கட்டும் என்று, கேட்டவர்கள் கேட்டபடியே தொகுத்திருக்கிறேன். முதலில் எளிய கேள்விகள், போகப் போகக் கடை நடத்துபவர்களுக்கான சிக்கலான கேள்விகள்.

"மெக்டொனால்ட்ஸ்ல ஆள் உயரத்துக்கு ஒரு திரை நிக்குதே, அதைத்தான் சொல்றீங்களா?"

அதுவும் ஒன்று. நம் ஊர்க் கடைகளில் மூன்று வகை பார்க்கலாம். வாசல் பக்கம் நிற்கும் பெரிய தொடுதிரை ஒன்று. மேசையில் ஒட்டிய க்யூஆர் கோடை உங்கள் போனில் பிடித்து ஆர்டர் போடுவது இன்னொன்று. மேசையிலோ கவுன்ட்டரிலோ வைத்திருக்கும் டேப்லெட் மூன்றாவது.

மூன்றிலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். நீங்கள் தொட்டுத் தேர்ந்தெடுத்தது நேராக அடுப்படியில் உள்ள பிரின்டருக்கோ திரைக்கோ போகிறது. பில்லும் அதே நேரத்தில் தயாராகிவிடும். நடுவில் ஒருவர் கேட்டு எழுதிக்கொண்டு போய்ச் சொல்லும் வேலை மட்டும் குறைகிறது. சிறிய கடைக்கு க்யூஆர் கோடும் கவுன்ட்டரில் ஒரு டேப்லெட்டும் போதும் என்பது என் கருத்து. நிற்கும் திரை விலை அதிகம், இடத்தையும் அடைக்கும்.

"போன்ல ஏதாவது ஆப் இறக்கணுமா? எனக்கு டேட்டா கம்மி."

வேண்டாம். கேமராவைக் காட்டினால் ஒரு இணையப் பக்கம் திறக்கும், அவ்வளவுதான். ஆப் இறக்கினால்தான் சாப்பாடு என்று ஒரு கடை சொன்னால், காகித மெனுவைக் கேளுங்கள்.

டேட்டா பற்றிய கவலை நியாயமானது. தென்னாப்பிரிக்காவில் பலர் சின்னச் சின்ன டேட்டா பண்டில் வாங்கித்தான் சமாளிக்கிறார்கள். கடைக்காரர்களிடம் நான் சொல்வது இதுதான்: மெனுப் பக்கத்தில் ஒவ்வொரு கறிக்கும் பெரிய படம் போட வேண்டாம். படங்களைச் சுருக்குங்கள், முழுப் பக்கமும் ஒரு எம்பிக்குள் அடங்கட்டும். கூடவே வாடிக்கையாளருக்குத் தனி வைஃபை கொடுங்கள். அதன் பாஸ்வேர்டை க்யூஆர் கோடுக்குப் பக்கத்திலேயே அச்சடித்து வையுங்கள்.

"எங்க ஆயாவுக்குத் திரையைப் பார்த்தாலே பயம். அவங்க எப்படி ஆர்டர் கொடுப்பாங்க?"

வாயால் சொல்லித்தான். திரை வைத்த கடையிலும் ஒரு ஆள் நின்று கேட்டு ஆர்டர் எடுக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய்விட்டு மூன்று தலைமுறையாகச் சேர்ந்து சாப்பிட வரும் குடும்பத்தில், ஆயாவும் தாத்தாவும் பேரப்பிள்ளையின் போனை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கக் கூடாது. அவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களிடமே கேட்க வேண்டும்.

சக்கர நாற்காலியில் வருபவர்கள், கண்பார்வை குறைந்தவர்கள், கை நடுங்குபவர்கள் எல்லோருக்கும் இதே பதில். நிற்கும் திரை வைப்பதாக இருந்தால் உட்கார்ந்தபடி எட்டும் உயரத்தில் பொத்தான்கள் வர வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கும் வசதி இருக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டுப் பாருங்கள்.

"தமிழ்ல மெனு வருமா?"

திரையில் வரும், அதில் சிக்கல் இல்லை. ஆனால் டர்பனில் சாப்பிட வருபவர்களில் பெரும்பாலோர், நம் தமிழ்க் குடும்பங்களும் சேர்த்துத்தான், ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள். ஜூலு பேசுபவர்களும் நிறைய வருகிறார்கள். அதனால் முதல் பக்கம் ஆங்கிலத்தில் இருக்கட்டும். ஒரு பொத்தானைத் தொட்டால் தமிழுக்கும் ஜூலுவுக்கும் மாறட்டும்.

தமிழ் உண்மையில் தேவைப்படும் இடம் அடுப்படி. தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்திருக்கும் சமையல்காரருக்கு ஆர்டர் சீட்டு தமிழில் வந்தால் வேலை சுளுவாக ஓடும். இங்கே ஒரு சிக்கல் உண்டு: பில் அடிக்கும் தெர்மல் பிரின்டர்கள் பலவற்றில் தமிழ் எழுத்து இருக்காது, கேள்விக்குறியாகவோ கட்டமாகவோ விழும். சீட்டைப் படமாக மாற்றி அச்சிடும் வசதி உள்ள மென்பொருள் என்றால் சரியாக வரும். வாங்கும் முன் ஒரு சீட்டு அடித்துக் காட்டச் சொல்லுங்கள். வேறு வழியில்லை என்றால், பிரின்டருக்குப் பதில் அடுப்படியில் ஒரு டேப்லெட்டை மாட்டிவிடலாம்.

"நாங்க பன்னி சௌ விக்கிறோம். ஒரே கறி, ஆனா குவார்ட்டர், ஹாஃப், ரொட்டியோட, சோறோட... இதையெல்லாம் எப்படிப் போடறது?"

தெரியாதவர்களுக்கு: பன்னி சௌ என்பது குடைந்த பிரெட்டுக்குள் கறி ஊற்றித் தருவது, குவார்ட்டர், ஹாஃப் என்பவை அந்தப் பிரெட்டின் அளவு. இந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் கண்டுபிடித்த கடையில் திரை ஓடும், மற்ற கடையில் தகராறுதான் வரும். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் காகிதத்தில் எழுதுங்கள். "மட்டன் கறி" ஒரு பொருள். அதற்குக் கீழே கட்டாயம் தேர்ந்தெடுக்க வேண்டியவை: எதில் வேண்டும் (பன்னி, ரொட்டி, சோறு), பன்னி என்றால் என்ன அளவு. இவற்றைத் தொடாமல் அடுத்த பக்கம் போகவே முடியாதபடி வையுங்கள். விருப்பம் இருந்தால் தொடுபவை தனி: கூடுதல் கிரேவி, காரம் குறைவாக, உருளைக்கிழங்கு வேண்டாம். கேரட் சம்பல் எல்லோருக்கும் தருவது என்றால் அதைக் கேட்கவே வேண்டாம், "சம்பல் வேண்டாம்" என்று மட்டும் ஒரு பொத்தான் போதும். "மட்டன் குவார்ட்டர்", "மட்டன் ஹாஃப்", "மட்டன் ரொட்டி" என்று தனித்தனிப் பொருளாகப் போட்டால் பட்டியல் நீண்டு, வருபவர் விரலால் தள்ளித் தள்ளியே சலித்துப் போவார். மேலும், மட்டன் தீர்ந்ததும் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணைக்க வேண்டிவரும்.

தீர்ந்துபோவது பெரிய விஷயம். நல்ல பன்னி கடையில் மதியம் இரண்டு மணிக்கே மட்டன் முடிந்துவிடும். கவுன்ட்டரில் இருப்பவர் "முடிஞ்சிடுச்சு அண்ணா, பீன்ஸ் இருக்கு" என்று சொல்லிவிடுவார். திரைக்கு அது தெரியாது, யாராவது அணைக்க வேண்டும். அந்தப் பொத்தான் முதலாளியின் போனில் மட்டும் இருந்தால் பயனில்லை. சட்டிக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுங்கள். பணம் வாங்கிய பிறகு இல்லை என்று சொல்வதைப் போல வாடிக்கையாளரைக் கோபப்படுத்துவது வேறில்லை.

"புரட்டாசி மாசம் வந்தா என்ன பண்றது?"

இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பல புரட்டாசி முழுவதும் அசைவம் தொடுவதில்லை என்பதைக் கடைக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை சைவ ஆர்டர் எகிறும். பெரும்பாலான மென்பொருள்களில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று ஒரு மெனுவைக் குறித்து வைக்கலாம். புரட்டாசி மெனுவை முன்கூட்டியே போட்டு வைத்தால் அது தானே வரும், தானே போகும்.

ஒவ்வொரு பொருளுக்கும் சைவம், அசைவம் என்று குறி போடுங்கள். சைவத்தை மட்டும் காட்டு என்று ஒரு பொத்தான் இருந்தால் ஆண்டு முழுவதும் பயன்படும். ஆனால் விரதம் இருப்பவர் உண்மையில் கேட்பது அடுப்படியைப் பற்றி: ஒரே எண்ணெயிலா சமோசாவும் சிக்கனும் பொரிக்கிறீர்கள், கரண்டி தனியா? திரையில் பச்சைக் குறி போட்டுவிட்டு ஒரே எண்ணெயில் பொரிப்பது அவர்களுடைய நம்பிக்கைக்குச் செய்யும் துரோகம். தனி எண்ணெய் இல்லையென்றால் அதையும் மெனுவில் எழுதிவிடுங்கள். ஹலால் குறிக்கும் இதே விதிதான்: சான்றிதழ் கையில் இருந்தால் மட்டும் போடுங்கள்.

"அலர்ஜி இருக்குன்னு குறிப்புல எழுதிட்டா போதுமா?"

போதாது. குறிப்பு எழுதுங்கள், அப்புறம் ஒரு ஆளைக் கூப்பிட்டு வாயாலும் சொல்லுங்கள். நெரிசல் நேரத்தில் சீட்டின் கடைசி வரியை யாரும் படிக்காமல் போகலாம். நிலக்கடலை, இறால் போன்றவை சிலருக்கு உயிருக்கே ஆபத்து. கடைக்காரர்கள் குறிப்பு வரியைச் சீட்டின் மேலே, பெரிய எழுத்தில் வரும்படி மாற்றி வையுங்கள்.

"கரண்ட் போனா எல்லாம் நின்னுடுமே தம்பி?"

லோட் ஷெடிங் என்னும் முறைவைத்த மின்வெட்டைப் பார்த்துப் பழகிய நம் ஊரில் இதைக் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். 2023தான் மிக மோசமான ஆண்டு. 2024 மார்ச் கடைசியிலிருந்து நீண்ட காலம் இல்லாமல் இருந்து, 2025ன் முதல் பாதியில் சில நாட்கள் மட்டும் மீண்டும் வந்தது. லோட் ஷெடிங் இல்லாவிட்டாலும் கேபிள் திருட்டும் டிரான்ஸ்ஃபார்மர் கோளாறும் இருக்கத்தான் செய்கின்றன.

ஃபைபர் இணையம் உள்ள கடையில் ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் மின்சாரம் இருந்தால் பெரும்பாலும் இணையம் நிற்காது. இரண்டுக்கும் ஒரு சின்ன யூபிஎஸ் போதும். டேப்லெட்டுக்கும் கார்டு மெஷினுக்கும் சொந்த பேட்டரி உண்டு. தெர்மல் பிரின்டருக்குச் சற்றுப் பெரிய யூபிஎஸ் வேண்டும். நிற்கும் பெரிய திரையை ஓட்ட இன்வர்ட்டர் தேவைப்படும், க்யூஆரும் டேப்லெட்டும் போதும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மொபைல் இணையத்தை மட்டும் நம்பாதீர்கள், நீண்ட நேரம் கரண்ட் இல்லாவிட்டால் டவரின் பேட்டரியும் தீர்ந்துவிடும்.

விற்க வருபவரிடம் இதைக் கேளுங்கள்: "இணையம் போனால் கவுன்ட்டர் டேப்லெட்டிலிருந்து அடுப்படிக்கு ஆர்டர் போகுமா?" கடைக்குள் இருக்கும் வைஃபை வழியாகவே போகும் அமைப்புகள் உண்டு. க்யூஆர் ஆர்டர் அப்படிப் போகாது, அதன் பக்கம் வெளியிலிருந்துதான் வருகிறது. எதற்கும் ஒரு ஆர்டர் புத்தகமும் பேனாவும் கவுன்ட்டருக்குக் கீழே இருக்கட்டும். வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அதில் எழுதவும் சொல்லிக் கொடுங்கள்.

"எல்லார்கிட்டயும் கார்டு இல்லையே, காசு வாங்க முடியுமா?"

முடியும், வாங்கத்தான் வேண்டும். திரையில் ஆர்டர் போட்டதும் ஒரு எண் வரும். அதைக் கவுன்ட்டரில் சொல்லி ரொக்கம் கட்டலாம். பணம் கட்டிய பிறகே சீட்டு அடுப்படிக்குப் போகும்படி அமைத்தால் வீண் சமையல் இருக்காது.

மற்றவர்களுக்கு வழி நிறைய இருக்கிறது. கார்டைத் தட்டலாம், ஸ்னாப்ஸ்கேன், சாப்பர் போன்ற பணம் கட்டும் ஆப்களைப் பயன்படுத்தலாம், 2023ல் வந்த பேஷாப் மூலம் வங்கியிலிருந்து நேராக அனுப்பலாம். கார்டுக்கு ஒவ்வொரு பில்லிலும் ஒரு பங்கு கட்டணமாகப் போகும், விலை வைக்கும்போது அதைக் கணக்கில் சேருங்கள்.

"திரையில ஒரு விலை, சுவத்து போர்டுல ஒரு விலை. நான் எதைக் கட்டணும்?"

குறைந்ததை. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, காட்டிய விலைக்கு மேல் கடைக்காரர் கேட்க முடியாது. இரண்டு விலை காட்டியிருந்தால் அவற்றில் குறைந்ததுதான் செல்லும். யார் பார்த்தாலும் தவறு என்று தெரியும் அச்சுப்பிழைக்கு மட்டும் விலக்கு உண்டு, அதையும் கடைக்காரர் திருத்தி, வருபவர்களுக்குத் தெரியப்படுத்த முயற்சி எடுத்திருக்க வேண்டும். காட்டும் விலையில் 15 சதவீத வாட் வரி அடங்கியிருக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் வரியைத் தனியாக ஏற்றிக் காட்டும் வெளிநாட்டு மென்பொருளை அப்படியே போட்டுவிடாதீர்கள்.

2025ல் வாட்டை உயர்த்தப் போவதாக அறிவித்து, ஏப்ரலில் அதைக் கைவிட்டது அரசு. திரையில் ஓரிடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் விலை மாறிவிடும் என்பது இப்படிப்பட்ட நேரத்தில் பெரிய வசதி. சுவரில் பெயின்ட்டில் எழுதிய போர்டு மாறாது. திரை வைத்த அன்றே பழைய போர்டைக் கழற்றிவிடுங்கள்.

"நான் போன்ல டிப்ஸ் போட்டா அது யாருக்குப் போகும்?"

முதலில் கடையின் கணக்குக்குத்தான் போகும். அங்கிருந்து வேலை செய்பவர்களுக்குப் போகிறதா என்பது கடையைப் பொறுத்தது. கேட்டுத் தெரிந்துகொள்ள உங்களுக்கு முழு உரிமை உண்டு. சந்தேகமாக இருந்தால் கையில் ரொக்கமாகக் கொடுங்கள்.

கடைக்காரர்கள் கவனிக்க: டிப்ஸ் சம்பளத்தில் சேராது. தேசியக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் டிப்ஸை ஊதியக் கணக்கிலிருந்து விலக்கியிருக்கிறது. 2025 மார்ச் 1 முதல் மணிக்கு 28.79 ராண்டு என்று வைத்தார்கள், அந்தந்த ஆண்டின் தொகை எதுவோ அதை டிப்ஸ் இல்லாமலே கொடுக்க வேண்டும். திரையில் வரும் டிப்ஸை அன்றன்று கணக்குப் பார்த்து, எல்லோரும் காணும் இடத்தில் எழுதிப் பங்கிடுங்கள். 15 சதவீதத்தை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைத்து, வேண்டாம் என்ற பொத்தானை மூலையில் ஒளிக்கும் வேலையும் வேண்டாம்.

"இதனால வெய்ட்டர் பிள்ளைங்க வேலை போயிடாதா?"

போகலாம். மழுப்ப எனக்கு மனமில்லை. மூன்றில் ஒருவருக்கு வேலை இல்லாத நாடு இது. சம்பளத்தை மிச்சம் பிடிக்கத்தான் திரை என்று வருபவர்களிடம் நான் வாதாடுவேன்.

திரை எடுத்துக்கொள்வது எழுதும் வேலையையும் பணம் எண்ணும் வேலையையும்தான். மேசையைத் துடைப்பது, தண்ணீர் வைப்பது, பக்கத்தில் வந்து "இன்னும் கொஞ்சம் கிரேவி வேணுமா ஆன்ட்டி?" என்று கேட்பது எல்லாம் அப்படியே இருக்கின்றன. நான் பார்த்த வரையில், ஆட்களைக் குறைக்காமல் அவர்களை மேசைப் பக்கம் அனுப்பிய கடைகளில்தான் வந்தவர்கள் திரும்ப வருகிறார்கள். ஆளையும் எடுத்துவிட்டுத் திரையை மட்டும் வைத்த இடத்தில், மேலே ஆயாவுக்காகச் சொன்ன அந்த ஒருவரும் இருக்க மாட்டார்.

"சாப்பிட வந்தா என் போன் நம்பர் எதுக்குக் கேக்குது?"

எடுத்துக்கொண்டு போகும் ஆர்டர் என்றால், தயாரானதும் செய்தி அனுப்ப நம்பர் தேவைப்படலாம். உட்கார்ந்து சாப்பிட அது தேவையில்லை. பிறந்த நாள், வீட்டு முகவரி எல்லாம் எதற்கு? வெற்றாக விட்டுவிட்டுத் தொடர்ந்து பாருங்கள், விடாவிட்டால் கவுன்ட்டரில் சொல்லி வாங்குங்கள்.

போபியா என்று நாம் சொல்லும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாகச் செயலில் இருக்கிறது. வேலைக்குத் தேவையான தகவலை மட்டுமே வாங்கலாம். சொன்ன காரணத்துக்கு மட்டுமே பயன்படுத்தலாம். ஆர்டருக்காகக் கொடுத்த நம்பரை இன்னொருவருக்கு விற்கக் கூடாது. மீறினால் தகவல் ஒழுங்குமுறை ஆணையத்திடம் புகார் செய்யலாம்.

"மேசையில இருக்கற க்யூஆர் மேல எவனாவது வேற ஸ்டிக்கர் ஒட்டிட்டா?"

நடக்கக்கூடியதுதான். பார்க்கிங் மீட்டர்களில் இப்படி ஒட்டி ஏமாற்றியது பல நாடுகளில் நடந்திருக்கிறது. ஸ்கேன் செய்ததும் வரும் முகவரியில் கடையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மேலே ஒட்டியது போல விளிம்பு தூக்கியிருந்தால் விரலால் நெருடிப் பாருங்கள். கார்டின் ரகசிய எண்ணை (PIN) எந்தப் பக்கம் கேட்டாலும் மூடிவிடுங்கள்.

கடைக்காரர்கள் ஸ்டிக்கருக்குப் பதில் மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செதுக்கிய பலகை வைக்கலாம், மேல் ஒட்டு உடனே தெரியும். காலையில் மேசை துடைக்கும்போதே ஒன்றை ஸ்கேன் செய்து பார்க்கட்டும். மஞ்சள் கறை படிந்தால் வேலை செய்யுமா என்றும் கேட்கிறார்கள். 1994ல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் கார் உதிரிப்பாகங்களைக் கணக்கு வைப்பதற்காக இந்தக் கோடை உருவாக்கியது. தொழிற்சாலை அழுக்கிலும் படிக்க வேண்டும் என்பதால் திருத்தும் வசதியை உள்ளேயே வைத்தார்கள். அச்சடிக்கும்போது மிக உயர்ந்த திருத்த அளவைத் தேர்ந்தெடுத்தால் சுமார் 30 சதவீதம் மறைந்தாலும் படிக்கும்.

"க்யூஆரைப் படம் எடுத்துட்டுப் போய் வீட்ல இருந்து என் மேசைக்கு ஆர்டர் போட்டா என்ன செய்வீங்க?"

நல்ல கேள்வி. மேசையில் அச்சடித்த கோடு மாறாது, அதில் மேசை எண் இருக்கிறது, அவ்வளவுதான். யாராவது விளையாட்டுக்கு ஏழாம் மேசைக்குப் பத்து பிரியாணி போட்டால் அடுப்படிக்கு அது உண்மை ஆர்டர் போலத்தான் தெரியும்.

ரொக்கத்துக்குச் சொன்ன வழி இங்கேயும் உதவும்: பணம் கட்டிய பிறகே சமையல். சாப்பிட்டு முடித்துத்தான் பணம் என்ற வழக்கத்தை மாற்ற விரும்பாத கடைகளில், மேசையில் ஆள் உட்கார்ந்ததும் வேலை செய்பவர் அந்த மேசையைத் திறந்துவிட வேண்டும். மூடிய மேசைக்கு ஆர்டர் விழாது. இரண்டாவது வழியையே நான் சொல்வேன். திறந்துவிட வருபவர் வணக்கம் சொல்லித் தண்ணீரும் வைத்துவிட்டுப் போவார்.

"ஆர்டர் சட்டுசட்டுன்னு வருது, ஆனா சாப்பாடு முன்னைவிட லேட் ஆகுதே, ஏன்?"

ஆர்டர் எடுக்கும் வேகம்தான் கூடியிருக்கிறது, அடுப்பின் வேகம் அதேதான். முன்பு வெள்ளிக்கிழமை மதியம் வரிசை கவுன்ட்டருக்கு முன்னால் நின்றது. நீளத்தைப் பார்த்துச் சிலர் திரும்பிப் போனார்கள், வெய்ட்டரும் சற்றுப் பொறுத்து அடுத்த மேசைக்குப் போனார். இப்போது அந்த வரிசை முழுக்க அடுப்படிக்குள் நிற்கிறது, வெளியே இருப்பவர் கண்ணுக்குத் தெரியவில்லை. பிரியாணி அண்டாவில் தயாராக இருக்கும், தோசையை ஒவ்வொன்றாகத்தான் ஊற்ற முடியும்.

பத்து நிமிடத்தில் இத்தனை தோசைதான் என்று வரம்பு வைக்கலாம், அதற்கு மேல் போனால் காத்திருக்கும் நேரத்தைத் திரையே சொல்லும். நெரிசல் மிஞ்சினால் ஆர்டரை நிறுத்தி வைக்கும் பொத்தான் வேண்டும், தீர்ந்துபோன கறிக்குச் சொன்னது போல அதுவும் அடுப்படியின் கையில் இருக்க வேண்டும். ஒரே மேசையில் ஐந்து பேர் ஐந்து போனில் போட்டால் ஐந்து சீட்டாக வந்து, ஒருவர் சாப்பிட்டு முடிக்கும்போது இன்னொருவருக்கு வரும். மேசைக்கு ஒரே ஆர்டர் பட்டியல் என்று அமைத்து, ஒருவர் மட்டும் கடைசியில் அனுப்பும்படி வையுங்கள்.

"ஒரு கம்பெனி இலவசமாவே திரை தர்றேன்னு சொல்லுது. கையெழுத்து போடலாமா?"

கையெழுத்துக்கு முன் எழுத்தில் பதில் வாங்குங்கள். ஒவ்வொரு ஆர்டரிலும் எத்தனை சதவீதம் எடுப்பார்கள்? கார்டு பணம் யார் கணக்குக்குப் போய், எத்தனை நாளில் உங்களுக்கு வரும்? வேறு கம்பெனியின் கார்டு மெஷினைப் பயன்படுத்தலாமா? விலகினால் மெனுவும் விற்பனைக் கணக்கும் உங்கள் கைக்கு வருமா? எத்தனை மாதக் கட்டு?

கடைசிக் கேள்விதான் பலரை மாட்டிவிடுகிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் காலவரை ஒப்பந்தத்தை 20 வேலை நாள் முன்னறிவிப்போடு முடித்துக்கொள்ள இடம் உண்டு. ஆனால் இரண்டு கம்பெனிகளுக்கு இடையிலான ஒப்பந்தத்துக்கு அது பொருந்தாது. கடை உங்கள் கம்பெனியின் பெயரில் இருந்தால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை என்று எண்ணிக்கொண்டே படியுங்கள். ஒரு மாதம் சோதித்துப் பார்க்கக் கேளுங்கள். அதைச் செவ்வாய், புதன் போன்ற கூட்டமில்லாத நாளில் தொடங்குங்கள், தீபாவளி வாரத்தில் வேண்டாம்.